அக்காவின் இலைக்குக் கத்தரிக்காய்

எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த மலர் உங்கள் கைக்கு வரும் நேரத்தில் அக்காவுக்குப் படையல் முடிந்து, பந்தலில் உங்களுக்கு இலை போடத் தொடங்கியிருப்பார்கள். அந்தப் படையலில் அக்காவின் இலைக்குக் கத்தரிக்காய் வைப்பதா, வேண்டாமா என்று எங்கள் வீட்டில் பல நாளாக ஒரு வழக்கு நடந்தது. அதைச் சொல்லாமல் அக்காவின் வாழ்க்கையைச் சொல்ல முடியாது என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கயாவுக்குப் போய்ப் பெற்றோருக்குப் பிண்டம் போட்டு வருகிறவர்கள், தங்களுக்குப் பிடித்த காய் ஒன்றையும் பழம் ஒன்றையும் அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள். பிறகு ஆயுளுக்கும் அதைத் தொடக் கூடாது. அக்கா விட்டது கத்தரிக்காயை. கண்ணை மூடும்வரை அதை நாக்கில் வைக்கவில்லை. "அம்மாவோட நேர்ச்சை அம்மாவோட முடிஞ்சிருச்சு, இனிமேலாவது அவங்க இலைக்கு வைக்கணும்" என்கிறாள் அக்காவின் மகள். "விட்டவ விட்டவதான்" என்கிறார் அத்தான். கயாவில் அக்காவின் பக்கத்தில் நின்ற ஒரே சாட்சி நான் என்பதால் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. என் சொந்த விஷயங்களில்கூட என்னைக் கருத்துக் கேட்காத குடும்பம் இது. அதனால் எனக்கே கொஞ்சம் நடுக்கம்தான்.

அக்கா பிறந்தது ராஜபாளையத்தில். அப்பா நூற்பாலையில் வேலை பார்த்தார். அம்மாவுக்கு இழுப்பு, அடுப்புப் புகை ஆகாது. ஆகவே பள்ளிக்கூடப் பையைக் கழற்றி ஆணியில் மாட்டிய கையோடு அக்கா அடுப்படிக்குள் போனார். அதன் பிறகு அவர் அடுப்படியை விட்டு வெளியே வரவேயில்லை என்று இந்த மாதிரி மலர்களில் எழுதுவது மரபு. அது பாதிதான் உண்மை. மீதி நேரம் அவர் சந்தையில் இருந்தார்.

ஆலை மூடிக் கிடந்த காலம் ஒன்று வந்தது. எங்கள் வீட்டுக்குக் காய் வாங்கும் நேரம் காலையிலிருந்து அந்திக்கு மாறியது. அந்தியில் மிச்சக் காயைக் கூறு கட்டி வைப்பார்கள். கூறு என்றால் ஒரு சின்னக் குவியல். எடுத்தால் முழுக் குவியலையும் எடுக்க வேண்டும். கலைத்துப் பொறுக்கக் கூடாது. மேலே நாலைந்து நல்ல காய் பளபளவென்று உட்கார்ந்திருக்கும். அடியில் இருப்பது எப்படிப்பட்டது என்பது வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டிய பிறகுதான் தெரியும். கல்யாணத் தரகர் கொண்டுவருகிற வரன் மாதிரி. அக்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குவியல்களைச் சுற்றி ஒரு நடை நடப்பார். ஓர் இடத்தில் நிற்பார். குனிந்து மூச்சை இழுப்பார். பிறகு விரலை நீட்டி, "இது" என்பார். வீட்டில் கொட்டினால் அடியிலும் நல்ல காயாகவே இருக்கும். எனக்கு அது அப்போது மந்திர வித்தையாகத் தெரிந்தது. எத்தனையோ புத்தகம் படித்து முடித்த இப்போதும் அப்படித்தான் தெரிகிறது.

இல்லாத காலத்தில் படிந்த பழக்கம், இருக்கிற காலத்தில் பலருக்குக் கஞ்சத்தனமாகத் தடித்துவிடும். அக்காவுக்கு அது மரியாதையாக மாறியது. படித்து, கணக்கு டீச்சராகி, கையில் சம்பளம் வந்த பிறகும் காயை அவர் ஆளாகத்தான் நடத்தினார். பையில் கீரையை அடியில் போட்டு மேலே பூசணிக்காயை வைத்துக்கொண்டு போகிறவர்களைத் தெருவில் கண்டால் நிறுத்திச் சொல்லிவிடுவார். "இன்னைக்கு என்ன சமைக்க?" என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. "இன்னைக்கு என்ன வந்திருக்கு?" என்றுதான் கேட்பார். பட்டியல் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போவது, பேச வேண்டியதை எழுதிவைத்துக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது மாதிரி என்பது அவர் எண்ணம். வீட்டில் பிரிட்ஜ் உண்டு. அதில் தோசை மாவும் அத்தானின் கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்தும் இருக்கும். காய் இருக்காது. "உள்ள வச்சா கெட்டுப்போகாதுல்ல அக்கா?" என்று ஒரு தடவை கேட்டேன். "கெடாது. ஹாஸ்டல்ல விட்ட பிள்ளை மாதிரி, நம்ம பிள்ளையாத்தான் இருக்கும், பேச்சு மாறிப்போயிரும்" என்றார்.

கல்யாணம் ஆகி அவர் போனது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. அத்தான் காவல்துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாதவர், பேசினால் அது விசாரணை மாதிரிதான் இருக்கும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருப்பது ஒரு தூக்கத்துக்குக்கூடப் போதாத பஸ் பயணம்தான். ஆனால் அந்தத் தூரத்துக்குள் கத்தரிக்காயின் குணம் மாறிவிடுகிறது என்பதில் இரண்டு வீட்டாருக்கும் ஒத்த கருத்து இருந்தது. எந்தப் பக்கம் ஒசத்தி என்பதில்தான் சண்டை. பிளவக்கல் அணைத் தண்ணீரில் விளைந்த கத்தரிக்காய்க்கு ஈடு கிடையாது என்பது அத்தான் கட்சி. தளவாய்புரம் பக்கத்துக் கிணற்றுப் பாசனக் காய்தான் காய் என்பது அக்கா கட்சி. புதுப்பெண்ணாகப் போன வாரத்திலேயே அத்தான் பை நிறையத் தன் பக்கத்துக் காயைத் தோட்டத்திலிருந்தே வாங்கி வந்து கொடுத்தார். அக்கா எண்ணெய்க் கத்தரிக்காய் வைத்தார். இலையில் ஒன்றும் மிஞ்சவில்லை. "எப்படி?" என்றார் அத்தான். "எண்ணெய் நல்லாருக்கு" என்றார் அக்கா. மறுவாரம் பிறந்த வீட்டுக்கு வந்தவர் திரும்பும்போது தளவாய்புரத்துக் காய் ஒரு பையோடு பஸ் ஏறினார். அதை அத்தான் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "புளி நல்லாருக்கு" என்றார். இந்த வழக்கு அவர்கள் இல்லறம் முழுக்க நிலுவையில் இருந்தது.

அக்காவுக்குக் கத்தரிக்காய் என்றால் அப்படி ஒரு பிரியம். காலையில் அவர் சந்தையில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். காய்க்கார முத்துமாரியின் கடை முன்னால் நின்று, ஒவ்வொரு காயாக எடுத்து, காம்பைச் சுற்றியிருக்கும் பச்சைத் தொப்பியைக் கட்டைவிரலால் நெருடிப் பார்ப்பார். உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார். கனத்தால் விதை ஏறிவிட்டது என்று அர்த்தம். வெயில் பக்கம் திருப்பி, ஊசிமுனைத் துளை இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகுதான் தட்டில் போடுவார். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் திருவண்ணாமலைக்கு மலையேறிப் பெருமாளைப் பார்த்துவிட்டு வருகிற கூட்டம் அப்படியே சந்தைக்குள் நுழையும். அன்றைக்கும் அக்காவின் நிதானம் மாறாது.

"டீச்சர், பின்னால வரிசை நிக்கி. பொண்ணு பாக்க வந்தவுககூட இம்புட்டு நேரம் பாக்க மாட்டாக" என்பார் முத்துமாரி.

"பொண்ணு பாக்க வந்தவுக சரியாப் பாக்காமத்தான ஊருல இம்புட்டுச் சண்டை" என்பார் அக்கா, கையை எடுக்காமலே.

அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போன பிறகு, கயாவுக்குப் போக வேண்டும் என்று அக்காதான் பிடிவாதமாக நின்றார். பிண்டம் போட மகன் வேண்டும் என்பதால் நான் சேர்க்கப்பட்டேன். யாத்திரைக் கூட்டம் ஒன்றோடு ரயிலேறினோம். அங்கே ஓர் ஆலமரத்தடியில் எங்களை வரிசையாக உட்காரவைத்து, பண்டா என்று அழைக்கப்படும் அந்த ஊர்ப் புரோகிதர் இந்தியில் ஏதோ சொன்னார். கூட்டிக்கொண்டு போனவர் தமிழில் சுருக்கிச் சொன்னார்: "பிடிச்ச காய் ஒண்ணு, பழம் ஒண்ணு. மனசார விட்டுருங்க."

அந்த மரத்தடியில் அன்று நான் கண்ட காட்சியை மறக்க முடியாது. எங்கள் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்குத் திடீரென்று பாகற்காய் உயிராகிவிட்டது. ஒருவர் பின் ஒருவராகத் தழுதழுத்த குரலில் பாகற்காயை விட்டார்கள். ஒரு பெரியவர் பழத்துக்குக் கிவி என்றார். அது எந்த நிறம் என்று கேட்டால் அவருக்குத் தெரிந்திருக்காது. என் முறை வந்தது. நான் முள்ளங்கி என்றேன். சொல்லும்போது முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்வதுதான் சிரமமாக இருந்தது.

அடுத்தது அக்கா. பழத்துக்குச் சீத்தாப்பழம் என்றார். காய்க்குக் கத்தரிக்காய் என்றார்.

நான் அவர் காதருகே குனிந்து, "அக்கா, செத்த யோசிச்சுச் சொல்லு" என்றேன்.

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன்."

"பாகக்காய்னு சொல்லிட்டு எந்திரிச்சிரலாம்லக்கா. அந்தாளுக்குத் தமிழே தெரியாது."

"ஏலே, பிடிக்காதத விடுறதுக்கு ரயிலேறி இம்புட்டுத் தூரம் எதுக்கு வரணும்? வீட்டுலயே விட்டுறலாமே. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் குடுக்குறது இது."

அக்கா என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் ஆலமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல பெரிய மரம்.

மதுரை ரயில் நிலையத்துக்கு அத்தான் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். "என்ன விட்ட?" என்று கேட்டார். அக்கா சொன்னார். கார் கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் அத்தான், "அப்ப நானும் விட்டுற வேண்டியதுதான்" என்றார்.

"நீங்க எதுக்கு விடணும்? நீங்க கயாவுக்கா போனீக? மருவாதியா நான் வாங்கிட்டு வந்து வைக்கிறதத் திங்கணும்" என்றார் அக்கா.

மறுநாள் காலையில் சந்தைக்குப் போய் அவர் முதலில் வாங்கியது கத்தரிக்காய்தான்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றுவரை பிடிபடாதது. புத்தகங்களில் எத்தனையோ துறவிகளைப் படித்திருக்கிறேன். அவர்கள் விட்ட பொருளை விட்டுத் தூரமாகப் போய்விடுகிறார்கள். காட்டுக்குப் போகிறார்கள், மலைக்குப் போகிறார்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள். விட்ட பொருளைத் தினமும் கையிலெடுத்துக் காம்பு பார்த்து, அரிந்து, தாளித்து, வதக்கி, அந்த மணத்துக்கு நடுவே நின்று, பிறகு அடுத்தவர் இலையில் வைத்து "இன்னும் ரெண்டு துண்டு வைக்கவா?" என்று கேட்ட துறவி யாரையும் நான் எந்தப் புத்தகத்திலும் சந்திக்கவில்லை. அக்காவிடம் அதில் ஒரு சலிப்போ, ஒரு பெருமூச்சோ இல்லை. தான் சாப்பிடாத பொருள் என்று தேர்வில் சலுகையும் கிடையாது. முன்பைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டாரோ என்றுகூட எனக்குச் சந்தேகம்.

பதம் பார்க்க அவர் நாக்கு உதவாது என்றானதும் எங்கள் முகங்களைப் படிக்கத் தொடங்கினார். அத்தான் முதல் கவளத்துக்குப் பிறகு தண்ணீர்ச் செம்பைத் தேடினால் காரம் கூடுதல். இரண்டாம் முறை குழம்பு கேட்கும்போது தட்டைத் தள்ளாமல் நீட்டினால் புளி சரி. என் முகம் அவருக்கு இன்னும் சுலபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது, உப்பே போடவில்லை. அத்தான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நானும் அவரைப் பின்பற்றினேன்.

"உப்பு இருக்கா?" என்றார் அக்கா.

"இருக்குக்கா."

"எங்க, டப்பாலயா?"

இன்னொரு விஷயமும் எனக்குப் பிறகுதான் உறைத்தது. அக்கா சாட்சி சொல்ல முடியாமல் ஆனதும், அத்தான் தன் பக்கத்துக் கத்தரிக்காய்தான் ஒசத்தி என்று தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கலாம். எதிர்க்கட்சி இல்லை. ஆனால் கயாவுக்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் ஒரு தடவை கிளறிப் பார்த்தேன். "எதிராளி இல்லாம என்ன மாப்ள பேச்சு" என்று எழுந்து போய்விட்டார்.

மகளுக்கு பெங்களூரில் வேலை. அக்கா போய் ஒரு மாதம் அங்கே தங்கியிருந்தார். அங்கே ஃபோனில் தட்டினால் காய் வீட்டுக்கு வந்துவிடுகிறது. கொண்டுவந்தவர் மணி அடித்து, பையைக் கொடுத்துவிட்டு, லிஃப்ட் மூடுவதற்குள் ஓடிவிட்டார். அக்கா பையைப் பிரித்துக் கத்தரிக்காயைக் கையில் எடுத்தார்.

"இத எடுத்தது யாரு?"

"எவரோ ஒருத்தரும்மா. குடோன்ல இருப்பாங்க."

"அவரு இத யாருக்குன்னு நெனச்சு எடுப்பாரு?"

அக்கா குறை சொல்லவில்லை. அவ்வளவு வேகத்தில் வந்து சேர்ந்ததைப் பற்றி ஊர் திரும்பியும் வியந்து சொல்லிக்கொண்டிருந்தார். "வேகமாத்தான் வருது. எடுக்கும்போது செத்த ஆறுதலா எடுத்திருக்கலாம்" என்பதோடு சரி.

கடைசி வருடம் இருதயம் பழுதானது. மதுரையில் மருத்துவமனைக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. படியிறங்கக் கூடாது என்றார்கள். நான் தனிக்கட்டை என்பதால் ராஜபாளையத்து வீட்டைப் பூட்டிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்து தங்கினேன். சந்தைக்குப் போகிற வேலை என்னிடம் வந்தது. அக்கா கட்டிலில் சாய்ந்தபடி வீடியோவில் கூடவே வருவார்.

"ஃபோனத் திருப்பு. காயக் காட்டச் சொன்னா மூக்கக் காட்டுத."

திருப்பினேன்.

"அந்தா மூலையில ஒண்ணு கெடக்கு பாரு. அது இல்ல. அதுக்கு அங்கிட்டு. குனிஞ்சு எடு, ஒண்ணும் ஒடஞ்சு போயிர மாட்ட."

"முள்ளு குத்துதுக்கா."

"குத்தணும். குத்துனாத்தான் இன்னைக்குப் பறிச்சது. குத்தாதத எடுத்துட்டு வந்தா நான் குத்துவேன்."

முத்துமாரி எட்டி ஃபோனுக்குள் முகத்தை நீட்டினார். "டீச்சர், கட்டில்ல கெடந்தாலும் எங்கடையக் கலைக்காம விட மாட்டீக போல."

"ஒன் கடை கலைஞ்சா திருப்பி அடுக்கிக்கலாம். எந்தம்பி கையில விட்டா நாங்க என்ன ஆவோம்னு எனக்குத்தான தெரியும்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காய் எடுப்பதில் நான் எடுத்த மதிப்பெண் அக்கா என்ற கணக்கு டீச்சர் வாழ்நாளில் போட்ட மிகக் குறைந்த மதிப்பெண்ணாக இருக்கும்.

பிறகு அவருக்குச் சாப்பாடே இறங்காமல் போனது. கஞ்சி வேண்டாம், இட்லி வேண்டாம், பால் வேண்டாம். மகள் பெங்களூரிலிருந்து வந்து என்னென்னவோ செய்து பார்த்தாள். ஒரு நாள் அத்தான் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய், பிளவக்கல் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் பழைய சிநேகிதரிடம் கத்தரிக்காய் பறித்து வாங்கி வந்தார். மகளை விட்டுச் சமைக்கச் சொன்னார். சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"ஒரு வாய். மருந்துன்னு நெனச்சுக்கோ. மேல எவனும் கேட்டா நான் பேசிக்கிறேன்."

காவல் நிலையத்தில் அவர் அப்படி யாருக்காவது பரிந்து பேசியிருப்பாரா என்று தெரியவில்லை. அக்கா கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினார். அவர் அதை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் வைத்திருந்தார்.

"பிளவக்கல் காயா?"

"ஆமா."

"நல்ல காய்தான்" என்றார்.

கல்யாணமான வாரத்திலிருந்து அத்தான் கேட்கக் காத்திருந்த சொல் அது. வழக்கில் ஜெயித்த ஒருவரின் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. அக்கா கிண்ணத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "நீங்க சாப்பிடுங்க. நான் பாக்கணும்" என்றார். அத்தான் நின்றபடியே, ஒரு துண்டு மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உப்பு சரியாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டிருப்பார்.

அதற்குச் சில நாட்கள் கழித்து, காலை வேளையில், நாங்கள் எல்லோரும் பக்கத்தில் இருக்கும்போதே அக்கா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியத்தில் கத்தரிக்காய் வேண்டாம் என்று அத்தான் சொன்னபோது யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பேசுகிற நிலைமையில் யாரும் இல்லை. அன்று தொடங்கி இந்த ஒரு வருடமும் அவர் கத்தரிக்காயைத் தொடவில்லை. சந்தையில் இருந்து நானும் வாங்கி வரவில்லை.

ஆண்டு நினைவுக்கு நாள் குறித்ததும் மகள் கேட்டுவிட்டாள். "படையல்ங்கிறது பிடிச்சத வைக்கிறதுக்குத்தானப்பா? எல்லாத்தையும் வச்சுட்டு அம்மாவுக்குப் பிடிச்ச ஒண்ண மட்டும் விட்டா, அது என்ன படையல்? இத்தன வருசம் எங்களுக்கு வச்சுட்டு அவங்க பாத்துக்கிட்டு நின்னாங்க. இப்பவும் பாத்துக்கிட்டே நிக்கணுமா?"

"அவ தூக்கிக் குடுத்ததத் திருப்பி வாங்கி அவ இலையிலயே வைப்பியா? அவ அப்பா அம்மாவுக்குக் குடுத்தது அது" என்றார் அத்தான்.

"மாமா, நீங்க சொல்லுங்க. அங்க வச்சு என்ன சொன்னாங்க? சாகுற வரைக்குமா, அதுக்குப் பொறவுமா?"

"பண்டா சொன்னது இந்தி. நான் அந்நேரம் செருப்பு எங்க கெடக்குன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

"நல்ல சாட்சி" என்றார் அத்தான்.

மகள் சொன்னதும் சரி. அத்தான் சொன்னதும் சரி. நடுவராக உட்கார்ந்தவனுக்கு இதைவிடக் கஷ்டம் வேறு இல்லை. இருவரும் ஒரே ஆளுக்காகத்தான் அழுகிறார்கள். யார் பக்கம் பேசினாலும் இன்னொருவரை அக்காவிடமிருந்து ஒரு அடி தள்ளி நிறுத்தியதுபோல் ஆகிவிடும். நான் நாளைக் கடத்தினேன். அதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

போன வாரம் விசேஷத்துக்குக் காய் சொல்லிவைக்க முத்துமாரி கடைக்குக் கிளம்பினேன். "இரு மாப்ள, நானும் வாரேன்" என்று அத்தான் சட்டையை மாட்டினார். சந்தைக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கத்தரிக்காய்க் குவியலுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார்.

"அவ எங்கன நிப்பா?" என்று முத்துமாரியைக் கேட்டார்.

"அந்தா, தராசுக்கு அங்கிட்டு சார். வெயிலு அங்கனதான் விழும், காய் தெளிவாத் தெரியும்பாக."

அத்தான் போய் அந்த இடத்தில் நின்றார். எதையும் தொடவில்லை. வருகிற பெண்கள் குனிந்து காய் எடுப்பதையும், திருப்பிப் பார்ப்பதையும், பிடிக்காததை ஓரமாக வைப்பதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். வெயில் ஏறிவிட்டது.

"சார், காய் வாங்க வந்தீகளா, ரோந்து வந்தீகளா?" என்றார் முத்துமாரி.

அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மகளைக் கூப்பிட்டார்.

"கத்தரிக்காய் சமைக்கணும். வாரவுக எல்லாத்துக்கும் வைக்கணும்."

"அம்மாவுக்கு?"

"சமைச்சத அவ இலையில வைக்க வேண்டாம். அவ வேண்டாம்னுட்டா. அதுக்குக் குறுக்க நாம போகக் கூடாது. ஆனா அன்னைக்கு வெள்ளன காய் வந்து எறங்குன ஒடனே, மொதல்ல கொண்டுபோய் அவ படத்துக்கு முன்னால கொட்டுங்க. பச்சையா, அப்படியே. அவ திங்கிறதத்தான விட்டா. பாத்து எடுக்குறத விடலையே. அவ பாக்கட்டும். பொறவு அடுப்புக்குப் போகட்டும்."

மகள் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். நடுவர் என்ற முறையில் நான் தயாரித்து வைத்திருந்த அழகான வாக்கியங்கள் இரண்டு இருந்தன. அவற்றை வாயைத் திறக்காமல் விழுங்கினேன். மனசார நான் விட்டது வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

அறைக்குள் போன அத்தான் வாசலில் திரும்பி நின்றார்.

"ரெண்டு சொத்தையும் சேத்துப் போடச் சொல்லு. எல்லாம் நல்ல காயா இருந்தா அவளுக்கு அங்க என்ன சோலி?"

அக்காவின் நோய்க்காலத்தில் முகம் சுளிக்காமல் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், நேரம் காலம் பார்க்காமல் காரை எடுத்த அடுத்த வீட்டாருக்கும், தகவல் தெரிந்த அன்றே எங்கெங்கிருந்தோ வந்து நின்ற அக்காவின் மாணவ மாணவியருக்கும், கடைசி மாதங்களில் கேட்காமலே கறிவேப்பிலையும் கீரையும் கொடுத்தனுப்பிய முத்துமாரிக்கும், இன்று எங்களுக்காக வேலையை விட்டு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வாயால் நன்றி சொல்வது அக்காவுக்குப் பழக்கமில்லை. இலையில் இன்னொரு கரண்டி வைப்பார். நாங்களும் அப்படியே செய்யச் சொல்லியிருக்கிறோம்.

முதல் பந்தியிலேயே அத்தானும் உங்களோடு உட்காருகிறார். அவர் இலைக்கும் கத்தரிக்காய் வரும். ருசி எப்படி இருந்தாலும் காயைக் குறை சொல்லாதீர்கள். அக்கா பார்த்துக் கழித்தது போக மீதிதான் உங்கள் இலைக்கு வந்திருக்கிறது.